பூமி சூடாவது உண்மை, அந்தக் கணக்கை எழுதுவது யார்?

புவி வெப்பமாதல் அரசியலில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று சொன்னால் போதும், "அப்போ இதெல்லாம் பொய்யா?" என்று கேட்டுவிடுகிறார்கள். பொய் இல்லை. காற்றில் கரியமில வாயு கூடினால் பூமி சூடாகும் என்பதை ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் ஸ்வாந்தே அரேனியஸ் 1896லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். ஹவாயில் மௌனா லோவா மலை மேல் 1958ல் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்துக்கு 315 பங்கு என்ற அளவில் இருந்த அந்த வாயு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. 2024ஆம் ஆண்டின் சராசரி வெப்பம், தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிட ஏறத்தாழ 1.55 டிகிரி அதிகம் என்று உலக வானிலை அமைப்பு சொல்லியிருக்கிறது. இதில் ஒரு வரியைக்கூட நான் சந்தேகப்படவில்லை.

என் சந்தேகம் அதற்கு அடுத்த படியில் தொடங்குகிறது. எந்த நாடு எவ்வளவு புகை விட்டது, யார் எவ்வளவு குறைக்க வேண்டும், யார் யாருக்குப் பணம் தர வேண்டும் என்று பேச்சு வரும்போது அங்கே தெர்மாமீட்டருக்கு வேலை இல்லை. ஓர் அறையில் அதிகாரிகள் உட்கார்ந்து, எந்த ஆண்டிலிருந்து எண்ணுவது, எந்த வாயுவைச் சேர்ப்பது, எதை விட்டுவிடுவது, யார் பெயரில் எழுதுவது என்று முடிவு செய்கிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கும் இந்த முடிவுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துக்கொண்டு வந்தால், எண்ணும் முறை திரும்பத் திரும்பப் பலமுள்ளவன் பக்கமே சாய்வது தெரிகிறது.

நெல்லிலிருந்து தொடங்குகிறேன், நான் நெல் விளையும் ஊர்க்காரன். தண்ணீர் தேங்கிய வயலின் சேற்றில் காற்றுப் புகாது, அங்கே வாழும் நுண்ணுயிர்கள் மக்கும் பொருளைத் தின்று மீத்தேன் வாயுவை விடும், அந்த வாயு கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். இது அறிவியல், சரி. ஆனால் 1990ல் வாஷிங்டனில் இருக்கும் வேர்ல்ட் ரிசோர்சஸ் இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வு அமைப்பு, எந்த நாடு எவ்வளவு வெப்ப வாயு விடுகிறது என்று வெளியிட்ட பட்டியலில் இந்தியா உலகிலேயே ஐந்தாவது பெரிய குற்றவாளியாக நின்றது. அதற்கு நம் நெல் வயலும் மாடும் விடும் மீத்தேன் ஒரு முக்கியக் காரணம். டெல்லியில் இருந்த சுற்றுச்சூழல் ஆய்வாளர்கள் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் அந்த அறிக்கையை வரி வரியாகப் பிரித்துப் படித்துவிட்டு 1991ல் ஒரு சிறு நூல் எழுதினார்கள். அதில் அவர்கள் கேட்ட கேள்விகள் இரண்டு. வயிற்றுக்குச் சோறு போட விளையும் நெல்லின் வாயுவையும் சொகுசுக் காரின் புகையையும் எப்படி ஒரே தட்டில் வைத்து எடை போடுகிறீர்கள்? அப்புறம், கடலும் காடும் உறிஞ்சிக்கொள்ளும் அளவை நாடுகளுக்கு எப்படிப் பங்கு பிரித்தீர்கள்? அந்தப் பட்டியலில் ஒவ்வொரு நாட்டுக்கும் அது வெளியேற்றும் அளவுக்குத் தகுந்தபடி பங்கு கொடுத்திருந்தார்கள், அதாவது அதிகம் கெடுத்தவனுக்கே அதிகக் கழிவு. தலைக்கு இவ்வளவு என்று மக்கள்தொகைப்படி பிரித்திருந்தால் பட்டியலே வேறு மாதிரி இருந்திருக்கும்.

அதைவிட முக்கியமானது வயலில் நடந்த அளவை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இந்திய நெல் வயல்கள் ஆண்டுக்கு 3.78 கோடி டன் மீத்தேன் விடுகின்றன என்று மதிப்பிட்டிருந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள சில வயல்களில் அளந்த எண்ணை எடுத்து நம் பரப்பளவால் பெருக்கிய கணக்கு அது. டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ.பி. மித்ரா தலைமையில் 1991ல் நம் விஞ்ஞானிகள் நாட்டின் பல பகுதிகளில் வயலில் இறங்கி அளந்தார்கள். வந்த எண் ஏறத்தாழ 40 லட்சம் டன். பத்தில் ஒரு பங்கு! காரணம் ஒன்றும் மர்மமில்லை. நம் மண்ணில் பல இடங்களில் கரிமச் சத்து குறைவு, மானாவாரி வயல்கள் ஏராளம், தண்ணீர் பாய்ந்தும் வடிந்தும் காய்ந்தும் கிடக்கும் வயல்கள் ஏராளம். எங்கள் ஊரில் எந்த விவசாயியைக் கேட்டிருந்தாலும் வயல் எத்தனை நாள் காய்ந்து கிடக்கிறது என்று சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை.

அன்று மித்ராவும் அவருடைய ஆட்களும் அளக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த 3.78 கோடி டன் அப்படியே நம் கணக்கில் ஏறி, அதை வைத்து நெல் சாகுபடியைக் குறை என்று யாராவது வந்து நின்றிருப்பார்கள். அறிவியலை நம்பு என்று சொல்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். அறிவியலை நம்புவதால்தான் எண் எப்படி வந்தது என்று கேட்கிறேன். மித்ரா செய்ததும் அறிவியல்தான்.

அதன் பிறகு 1997ல் கியோட்டோ ஒப்பந்தம் வந்தது. பணக்கார நாடுகள் 2008 முதல் 2012க்குள் தங்கள் வெளியேற்றத்தை 1990 அளவிலிருந்து சராசரியாக 5.2 சதவீதம் குறைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த மாநாட்டுக்குச் சில மாதங்கள் முன்பே, ஜூலை மாதம், வளரும் நாடுகளுக்கும் கட்டுப்பாடு இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்திடக் கூடாது என்று அமெரிக்க செனட் 95க்கு 0 என்ற வாக்கில் தீர்மானம் போட்டுவிட்டது. ஒரே ஒரு எதிர் வாக்குகூட இல்லை. குடியரசுக் கட்சிதான் இதற்கெல்லாம் தடை, ஜனநாயகக் கட்சி வந்தால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் அந்த வாக்குப் பதிவைப் பார்க்க வேண்டும்.

கியோட்டோவின் அடிப்படை ஆண்டு 1990 என்பதிலேயே ஒரு பெரிய ஓட்டை இருந்தது. சோவியத் ஒன்றியம் உடைந்து ரஷ்யா, உக்ரைன் தொழிற்சாலைகள் மூடிக் கிடந்ததால் அங்கே வெளியேற்றம் தானாகவே சரிந்துவிட்டது. ஆனால் அவர்களுக்கு 1990 அளவுக்கே அனுமதி தரப்பட்டது. வேலை இழந்து, சம்பளம் வராமல் மக்கள் தவித்த ஒரு பொருளாதாரச் சரிவு, காகிதத்தில் விற்கத்தக்க சரக்காக மாறியது. இல்லாத புகையைக் குறைத்ததாக எழுதி இன்னொரு நாட்டுக்கு விற்கலாம், வாங்கிய நாடு தன் ஊரில் எதையும் குறைக்க வேண்டியதில்லை.

இதே ஒப்பந்தத்தில் கார்பன் கிரெடிட் திட்டமும் வந்தது. ஏழை நாட்டில் ஒரு டன் குறைத்தால் அதற்கு ஒரு சீட்டு, பணக்கார நாடு அதை வாங்கித் தன் கணக்கில் காட்டிக்கொள்ளலாம். இதில் முதல் ஆண்டுகளில் பெரும்பங்குப் பணம் போனது எங்கே தெரியுமா? சூரிய ஒளிக்கோ சாண எரிவாயுவுக்கோ அல்ல. குளிர்சாதனப் பெட்டிக்கான எச்சிஎஃப்சி-22 வாயு செய்யும் சீன, இந்திய ஆலைகளில் எச்எஃப்சி-23 என்ற கழிவு வாயு வரும், அது கரியமில வாயுவைவிடப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் வீரியமானது. அதை எரித்தால் ஒவ்வொரு டன்னுக்கும் பல ஆயிரம் சீட்டு. எரிக்க ஆகும் செலவோ சொற்பம். கழிவை அழிப்பதில் கிடைக்கும் லாபம் சரக்கை விற்பதில் கிடைப்பதைவிடப் பெரிதாகிவிட்டால் கழிவைக் குறைக்க எந்த முதலாளிக்கு மனம் வரும்? கடைசியில் 2013 மே மாதத்திலிருந்து அந்தச் சீட்டுகளை ஏற்க மாட்டோம் என்று ஐரோப்பிய ஒன்றியமே சொல்லிவிட்டது. 2016ல் இந்திய அரசு அந்த ஆலைகளிடம், உங்கள் சொந்தச் செலவில் எரியுங்கள் என்று ஓர் உத்தரவு போட்டது. அவ்வளவுதான். ஓர் அரசு உத்தரவில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்குத்தான் பூமியைக் காக்கும் நிதி என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் பணம் கொட்டினார்கள்.

ராணுவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பன்னாட்டு ராணுவ நடவடிக்கைகளின் புகையைக் கியோட்டோ கணக்கிலிருந்து விலக்கச் சொல்லி அமெரிக்கா வற்புறுத்தி வாங்கியது. கியோட்டோவுக்குப் பிறகு 2015ல் வந்த பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்தில் அந்த விலக்கு இல்லை, ஆனால் ராணுவப் புகையைத் தனியாகக் கணக்குக் காட்டுவது அவரவர் விருப்பம். போர் விமானம் விடும் புகையைக் காட்டுவது விருப்பம், நாற்று நட்ட வயலின் மீத்தேன் கட்டாயம்.

இப்போது எஃகுக்கு வருகிறேன். 2024 செப்டம்பர் 30 அன்று பிரிட்டனில் இரண்டு மூடுவிழாக்கள் ஒரே நாளில் நடந்தன. நாட்டின் கடைசி நிலக்கரி மின் நிலையமான ராட்கிளிஃப் நின்றது. வேல்ஸில் போர்ட் டால்பாட் எஃகு ஆலையின் கடைசி ஊது உலையை, அதாவது நிலக்கரியைக் கொண்டு இரும்புத் தாதை உருக்கும் உலையை, டாடா ஸ்டீல் அணைத்தது. ஏறத்தாழ 2,800 பேருக்கு வேலை போகும் ஏற்பாடு அது, அந்த ஊரே அந்த உலையை நம்பி வாழ்ந்த ஊர். அதற்குப் பத்து நாள் முன்பு, அதே செப்டம்பரில், ஒடிசாவின் கலிங்கநகரில் இந்தியாவின் மிகப் பெரிய ஊது உலையை அதே டாடா ஸ்டீல் பற்றவைத்தது. ஒன்றை அணைத்துவிட்டு அதற்குப் பதிலாக மற்றொன்றைத் திறந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. கலிங்கநகர் விரிவாக்கம் பல ஆண்டுகளுக்கு முன் திட்டமிட்டது, இந்தியச் சந்தைக்கானது. போர்ட் டால்பாட்டில் பழைய இரும்பை உருக்கும் மின் உலை வரப்போகிறது, அதற்கு பிரிட்டன் அரசு 50 கோடி பவுண்டு தருகிறது. இவை எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அந்த மின் உலை வரும்வரை போர்ட் டால்பாட் உருட்டாலைகளுக்குத் தேவையான எஃகுப் பாளங்கள் வெளிநாட்டிலிருந்து வருகின்றன, டாடாவின் நெதர்லாந்து, இந்திய ஆலைகள் உட்பட. அந்தப் பாளத்தை உருக்கியபோது எழுந்த புகை யார் கணக்கில்? உருக்கிய நாட்டின் கணக்கில். பிரிட்டன் தன் வெளியேற்றத்தை 1990லிருந்து பாதியாகக் குறைத்துவிட்டதாகச் சொல்கிறது. அந்தப் பாதியில் காற்றாலையும் எரிவாயுவும் செய்த உண்மையான வேலை இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் இறக்குமதி செய்த பொருளின் புகையையும் வாங்கியவன் பெயரில் எழுதினால் குறைவு அவ்வளவு வராது.

வாங்கியவன் பெயரில் எழுதாத அதே ஐரோப்பாதான் இப்போது கார்பன் எல்லை வரி என்று கொண்டுவந்திருக்கிறது. எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம் என்று வெளியிலிருந்து வரும் சரக்கில் எவ்வளவு கார்பன் இருக்கிறது என்று 2023 அக்டோபரிலிருந்து கணக்குக் கேட்கிறார்கள், 2026 முதல் அதற்கு விலை உண்டு. போல்ட், நட்டு, திருகு வரை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஐரோப்பாவுக்கு போல்ட் அனுப்பும் ஒரு சிறு பட்டறைக்காரர், தன் கம்பியை உருக்கிய உலை எந்த ஊரில் எவ்வளவு நிலக்கரி தின்றது என்பதற்குச் சான்று தேட வேண்டும். பெரிய ஆலைக்கு அதற்குத் தனி அலுவலகமே இருக்கும், சிறு பட்டறைக்கு எங்கே போவது? வசூலாகும் பணம் கலிங்கநகரில் புகையைக் குறைக்க வருமா என்றால் அதுவும் இல்லை, ஐரோப்பியக் கருவூலங்களுக்குப் போகிறது. இதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு, ஏனென்றால் கார்பனுக்கு விலை வைப்பது தவறான யோசனை அல்ல. அந்த விலையில் ஒரு பங்கு சரக்கு விளைந்த நாட்டுக்கே திரும்பி வந்து அங்கே உலையை மாற்ற உதவியிருந்தால் நானே அதை ஆதரித்து எழுதியிருப்பேன்.

பணத்தைப் பற்றிப் பேசினால் கோபன்ஹேகனுக்குப் போக வேண்டும். 2009ல் அங்கே நடந்த காலநிலை மாநாட்டில் பணக்கார நாடுகள் ஏழை நாடுகளுக்கு 2020க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவோம் என்று வாக்குக் கொடுத்தன. 2020ல் வந்ததாக அவர்களே காட்டியது 8,330 கோடி. 2022ல்தான் இலக்கைத் தாண்டியது, அதாவது இரண்டு ஆண்டு தாமதம். தாமதத்தைக்கூட விடுங்கள். அரசுகள் தந்த பணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கடன், ஏழை நாடு திருப்பிக் கட்ட வேண்டிய கடன். வட்டிக்குக் கொடுத்த பணத்தை மொய் நோட்டில் எழுதச் சொல்வது போன்றது இது. மேலும் 2023ல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் தோண்டிப் பார்த்தபோது காலநிலை நிதி என்று எழுதப்பட்ட கணக்குக்குள் இருந்தவை: ஆசியாவில் சாக்லேட், ஐஸ்கிரீம் கடைகள் திறக்க இத்தாலி கொடுத்த உதவி, ஹெய்ட்டியில் கடற்கரை ஹோட்டலை விரிவாக்க அமெரிக்கா கொடுத்த கடன், பெல்ஜியம் பணம் போட்ட ஒரு சினிமா, பங்களாதேஷில் ஜப்பான் பணத்தில் எழுந்த நிலக்கரி மின் நிலையம். நிலக்கரி மின் நிலையம்! எது காலநிலை நிதி என்பதற்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட வரையறை இல்லாததால் இதில் எதுவும் விதிமீறல்கூட இல்லை.

சரி, அப்படியானால் நம் அரசு சொல்வதெல்லாம் நியாயமா? அங்கேயும் எனக்கு அதே சந்தேகம்தான், இதைச் சொன்னால் தேசப்பற்று உள்ள நண்பர்களுக்குக் கோபம் வருகிறது. இந்தியர் ஒருவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2 டன் கரியமில வாயு, அமெரிக்கருக்கு 14 டன் அளவில். தொழிற்புரட்சியிலிருந்து கூட்டினால் அமெரிக்காவின் பங்கு கால்வாசி, நம்முடையது 3 சதவீதம் போல. இந்த எண்கள் உண்மை, மாநாட்டில் இவற்றை எடுத்து வைப்பது நம் உரிமை. ஆனால் சராசரி என்பது மறைக்கவும் உதவும். 2007லேயே கிரீன்பீஸ் இந்தியா அமைப்பு, இந்தியப் பணக்காரர்கள் ஏழைகளின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள் என்று ஓர் அறிக்கை வெளியிட்டது. வீட்டில் நான்கு ஏசி, வாசலில் மூன்று கார் வைத்திருப்பவரின் புகையும் நூறு நாள் வேலைக்குப் போகும் பாட்டியின் புகையும் சேர்ந்துதான் அந்த 2 டன். பாட்டியின் பெயரால் வாங்கிய அனுமதி பாட்டிக்குக் கிடைக்கிறதா என்று டெல்லியைக் கேட்க வேண்டியது நாம்தான், ஐரோப்பாக்காரன் கேட்க மாட்டான்.

2023ல் நடந்த இரண்டு சம்பவங்களை நான் எப்போதும் சேர்த்தே நினைக்கிறேன். ஜனவரியில் ஜெர்மனியில் லுட்செராத் என்ற சிற்றூரைப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்காக இடித்தார்கள், மறித்து நின்ற இளைஞர்களைப் போலீஸ் தூக்கிப் போட்டது, ஸ்வீடன் நாட்டுக் காலநிலைப் போராளி கிரெட்டா துன்பெர்க்கையும் பிடித்து வைத்தார்கள். அப்போது ஆட்சியில் பசுமைக் கட்சியும் பங்காளி. அந்தப் பகுதியில் 2030க்குள் நிலக்கரியை விட்டுவிடுவோம் என்பதற்கு ஈடாக இந்த ஊரைக் கொடுத்ததாக விளக்கம் சொன்னார்கள். ஜூலையில் கடலூர் மாவட்டம் வளையமாதேவியில், நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்கு வாய்க்கால் வெட்டுவதற்காக வளர்ந்து நின்ற நெற்பயிருக்குள் பொக்லைனை இறக்கினார்கள். நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தியது, விதைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தோம் என்றது சுரங்கத்தை நடத்தும் மத்திய அரசு நிறுவனமான என்எல்சி. எல்லாம் சட்டப்படிதான் இருக்கட்டும், கதிராகப் போகிற பயிரை அறுவடை வரை விட்டுவைக்க முடியாதா? சென்னை உயர் நீதிமன்றத்திலேயே இதைப் பற்றி வேதனையோடு பேசினார்கள். உலக மேடையில் நம் உழவனின் உரிமை என்று பேசும் அரசின் நிறுவனம், உள்ளூரில் அந்த உழவனின் வயலில் செய்தது இது. பெர்லினுக்கும் டெல்லிக்கும் இந்த ஒரு விஷயத்தில் நான் பெரிய வேறுபாடு பார்க்கவில்லை.

இதையெல்லாம் எழுதும்போது ஒரு பயமும் இருக்கிறது. என்னைப் போன்றவர்களின் சந்தேகத்தை எடுத்துக்கொண்டு போய், பார்த்தீர்களா எல்லாம் மோசடி, அதனால் எதுவும் செய்ய வேண்டாம் என்று சொல்லும் ஒரு கூட்டம் உண்டு. அவர்களோடு எனக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. கணக்கு எழுதுபவன் ஏமாற்றுகிறான் என்பதால் கடன் இல்லாமல் போய்விடாது. எண்ணெய் நிறுவனங்கள் தங்கள் சொந்த விஞ்ஞானிகள் சொன்னதை மறைத்து பல ஆண்டுகள் சந்தேகத்தை விலைக்கு விற்றவை, அந்தச் சந்தேகம் வேறு. பிபி என்ற பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனம் 2000களின் தொடக்கத்தில் ஒவ்வொருவரும் தங்கள் சொந்த கார்பன் அளவைக் கணக்கிட்டுப் பாருங்கள் என்று பெரிய விளம்பரம் செய்ததும் அந்த வகைதான். பெட்ரோல் எடுத்து விற்பவன் மேலிருந்த பார்வை, ஸ்கூட்டரில் போகிறவன் மேல் திரும்பியது.

2024 நவம்பரில் பாகுவில் நடந்த காலநிலை மாநாட்டில், வளரும் நாடுகளுக்குத் தரும் பணத்துக்கு அடுத்த எண்ணை எழுதினார்கள். 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர். மாநாட்டை நடத்திய அஜர்பைஜானின் அதிபர் எண்ணெயும் எரிவாயுவும் கடவுள் தந்த வரம் என்று மேடையிலேயே பேசினார். வளரும் நாடுகள் கேட்டது 1.3 லட்சம் கோடி. சுத்தியலைத் தட்டித் தீர்மானம் நிறைவேறியது என்று அறிவித்த பிறகுதான் இந்தியப் பிரதிநிதி சாந்தினி ரைனாவுக்குப் பேச வாய்ப்பு கிடைத்தது. இது வெறும் கண்கட்டு என்று அவர் சொல்லி, ஏற்க மறுத்தார். தீர்மானம் மாறவில்லை. அந்த 30,000 கோடி எங்கிருந்து வரும் என்றால் அரசு, தனியார் என்று பலவகை மூலங்களிலிருந்து வரும் என்று எழுதியிருக்கிறார்கள். அதில் கடன் எவ்வளவு, மானியம் எவ்வளவு என்பதற்கு அந்த வாசகத்தில் கட்டாயம் எதுவும் இல்லை. இனி அடுத்தடுத்த ஆண்டுகளில், இலக்கில் இவ்வளவு வந்துவிட்டது என்று செய்தி வரும்போது தலைப்பில் இருக்கும் தொகையை நான் பார்க்கப் போவதில்லை. திருப்பிக் கட்ட வேண்டியது எவ்வளவு, யார் கைக்குப் போனது, நிலக்கரி ஆலை ஏதாவது உள்ளே இருக்கிறதா என்று பார்த்து இங்கே எழுதுகிறேன். உங்களுக்குக் கிடைக்கும் விவரம் இருந்தாலும் சொல்லுங்கள், சேர்த்துக்கொள்கிறேன்.